தவறிய விரல்

எங்கள் மலை வழக்கப்படி என்னைக் கல்யாணத்துக்காகக் கடத்திக்கொண்டு போனவன் வீட்டில் நான் தங்கவில்லை, ஓடிவந்துவிட்டேன். "படிச்ச திமிரு. இனி அவகூட பேச்சே இல்ல" என்று பெரியப்பா முன்னால் சத்தியம் செய்தார் அப்பா. அவர் நாரின் மலையில் ஆடு மேய்க்கிறார். நான் தலைநகர் பிஷ்கேக்கில் தனி அறையில்.

ஆனாலும் சாயங்காலமானால் அவரிடமிருந்து போன் வரும்.

"நூர்சுலுவா? உன் தம்பி நூர்லானைக் கூப்பிட்டேன். விரல் தவறி கீழ உன் பேர்ல பட்டுடுச்சு."

"பட்டுடுச்சுன்னா போனை வைங்க!"

உடனே வைக்கமாட்டார். ஆடுகள் கத்துவது கொஞ்ச நேரம் கேட்கும்.

எனக்கு எரிந்தது. தப்பித் தவறித்தான் மகள் ஞாபகம் வருமா? மலையில் எல்லோரும் பேசுகிற செயலி எங்கள் கம்பெனியுடையது. அதில் பட்டன் வடிவமைப்பதுதான் என் வேலை. பெயர்களைத் தள்ளித் தள்ளி வைத்தேன். காய்த்துப்போன விரலுக்கும் தப்பாதபடி தொடும் இடத்தைப் பெரிதாக்கினேன்.

போன் நின்றது.

கொஞ்ச நாள் பொறுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். "என்ன, உங்க வீட்டுக்காரர் விரல் சரியாயிடுச்சா?"

"நீ வேற! 'இவ்ளோ பெரிய பட்டன்ல எப்படிடா தப்பாத் தொடுவே'ன்னு உன் பெரியப்பா கேட்டுட்டாரு. இப்ப சாயங்காலமானா போனைக் கையில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காரு."