பன்னிரண்டாம் பக்கத்துக் கொலைகாரன்

"ஆளைப் பிடிக்காம விட மாட்டேன், மேடம். இந்த கேமராவுக்கு நீங்க ஒரு பைசா தர வேணாம். என் செலவு!"

ஏணி உச்சியில் நின்று, ஸ்க்ரூடிரைவரை வாள்போல ஆட்டிச் சபதம் செய்தார் எலக்ட்ரீசியன். கீழே ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார் நூலகத்து அம்மா. மேலே நிற்பவர் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து காலை முறித்துக்கொண்ட மனிதர்.

"மெல்ல மெல்ல. அப்படி என்னதான் எழுதித் தொலைச்சிருக்கான்?"

"எந்த நாவலை எடுத்தாலும் பன்னிரண்டாம் பக்கத்து ஓரத்துல பென்சில். கோழி கிளறின மாதிரி எழுத்து. 'கொலைகாரன் டாக்டர்தான்', 'கொலைகாரி சித்திதான்'னு. அதுவாவது உண்மையா இருந்தா போவுதுன்னு விடலாம். அத்தனையும் பொய், மேடம்! அந்த டாக்டர் தங்கமான மனுஷன். பாதிக் கதையில அவரையே கொன்னுட்டானுங்க!"

சொந்தக்காரர் சாவுக்குக்கூட அவர் இப்படிப் பொங்கியதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் புத்தகத்தோடு எழுந்து நின்றாலே வகுப்பு சிரிக்கத் தயாராகிவிடும். ஒரு வரியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும். "உட்காருடா, தமிழ் அழுவுது" என்பார் வாத்தியார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அதற்கப்புறம் அவர் முழுதாக வாசித்த ஒரே படைப்பு, மின்பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும் 'அபாயம்'. அதையும் வாசிக்காவிட்டால் உயிர் போய்விடும் என்பதால்.

கால் முறிந்து வீட்டில் கிடந்தபோதுதான், தையல் வேலை பார்க்கும் மனைவி இங்கிருந்து ஒரு நாவலைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டாள். எழுத்துக்கூட்டிப் பன்னிரண்டாம் பக்கம் வரை நொண்டி வந்தவர், பென்சில் எழுத்தைப் பார்த்துக் கொதித்துப்போனார். அடுத்தவர் வழக்கில் தலையிடாவிட்டால் சோறு இறங்காத பிறவி அவர். டாக்டரின் மானத்தைக் காப்பாற்றக் கடைசிப் பக்கம் வரை போராடினார். அடுத்து சித்திக்காக. அதற்கடுத்து ஒரு சமையல்காரருக்காக. இப்படி ஊரார் வழக்கெல்லாம் வாதாடி வாதாடி, எழுத்துக்கூட்டுவது எப்போது நின்றதென்று அவருக்கே தெரியாது. கால் கூடியும் படிப்பு நிற்கவில்லை.

"துப்பறியும் நாவல் படிப்பதெல்லாம் வாசிப்பில் சேராது, தம்பி" என்றொரு குரல் கேட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருந்த வாசகர் வட்டத் தலைவர். "வாசிப்பு என்பது தவம்."

ஆறு மாதமாக ஒரே தடிப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் தவமிருப்பவர் அவர். அதுவும் தூக்கம் கலைந்த நேரங்களில்.

எலக்ட்ரீசியனின் கண் சுருங்கியது. "தவம் இருக்கட்டும், ஐயா. உங்ககிட்ட பென்சில் இருக்கா?"

"பென்சிலா? நான் மையால் மட்டுமே சிந்திப்பவன்!"

"தெரியுது. சட்டைப் பையெல்லாம் சிந்தனை ஒழுகியிருக்கே."

தலைவர் குனிந்து பார்த்தார். சந்தேகப் பட்டியலில் இருந்து அவர் பெயரை எலக்ட்ரீசியன் மனதுக்குள் அடித்தார். இத்தனை நாவலையும் புரட்டும் அளவுக்கு இந்த ஆளுக்குச் சுறுசுறுப்பு கிடையாது.

கேமரா பொருத்தியாயிற்று. கிளம்பும்போது, அவர் வேண்டாமென்றும் விடாமல், நூலகத்து அம்மா ஒரு நாவலை அவர் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்ததும் எலக்ட்ரீசியன் அதைத் தையல் மெஷின் மேல் தொப்பென்று போட்டார்.

"என்னங்க, படிக்கலையா?" என்று நிமிர்ந்தாள் மனைவி. காதில் அளவு குறிக்கும் பென்சில்.

"அந்த அயோக்கியன் கேமராவுல சிக்கற வரைக்கும் புத்தகத்தையே தொடப்போறதில்ல. தினம் தினம் எவனோ பழி போடுவான், நான் உட்கார்ந்து துடைக்கணுமா? எனக்கு வேற வேலை இல்ல?"

"அப்ப சாயங்காலமெல்லாம்..."

"உன்கூட அடுப்படியிலதான். பாவம், தனியா கஷ்டப்படுற. ஆமா, கேஸ் ஏன் இப்படி எரியுது? வெங்காயத்தை இவ்வளவு தடியா வெட்டினா எப்ப வேகும்? ஆளே இல்லாத ரூம்ல எதுக்கு லைட்டு? கரண்ட் என்ன உங்கப்பா அனுப்பறாரா?"

சொல்லிக்கொண்டே மூன்று சுவிட்சை அணைத்தார். அதில் ஒன்று அவள் தைத்துக்கொண்டிருந்த இடத்து விளக்குடையது.

நாவல்கள் இந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக இருட்டில் அவள் நினைவுக்கு வந்தன.

"அதுக்காகப் படிக்கிறதை விடுவாங்களா? உங்களை விட்டா அந்த நல்லவங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரும் என்னை இளக்க முடியாது. குளிச்சிட்டு வந்து பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் பார்ப்பேன். ஆதாரத்துக்கு. அவ்வளவுதான்!"

குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அவள் விளக்கைப் போட்டாள். நாவலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, உண்மைக் கொலைகாரன் யாரென்று பார்த்துக்கொண்டாள். பிறகு முன்னும் பின்னும் தள்ளித் தேடியதில், கொலை நடந்த வீட்டுக்கு ஃபேன் மாட்ட வந்துபோகும் ஓர் அப்பாவி கண்ணில் பட்டான். போதும்.

காதிலிருந்த பென்சிலை எடுத்து, இடது கைக்கு மாற்றி, பன்னிரண்டாம் பக்கத்து ஓரத்தில் கோணல்மாணலாக எழுதினாள்: 'கொலைகாரன் எலக்ட்ரீசியன்தான்.'