கோடு நின்ற இடம்

பள்ளிக்கூடக் கூடத்தின் தரையில் தெருவே சாக்பீஸ் கோடாகப் படுத்திருக்கிறது. புதுத் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போவது என்று இன்றைக்கு முடிவாக வேண்டும். அவரவர் வீடு இருக்கிற இடத்தில் அவரவர் உட்கார்ந்திருக்கிறார்கள். சன்னல் வெயிலில் வெள்ளைத் தூள் மெல்ல மிதக்கிறது. தையல்காரிக்கு மட்டும் இடமில்லை. இன்ஜினியர் போட்ட கோடு அவள் வீட்டுக்கு மூன்று முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. அளவு நாடா பிடிக்காமலே அவளுக்குத் தெரிகிறது. கோட்டைத் தாண்டிப் போய், கூடத்து வாசல் ஓரம் வெறுந்தரையில் உட்காருகிறாள். "என்னக்கா, ஊரை விட்டே போயிட்டீங்க?" என்று பேக்கரிக்காரர் சிரிக்கிறார். "என் வீடு இங்கதானேப்பா இருக்கு." இன்ஜினியர் காகிதத்தைப் புரட்டுகிறார். "படத்துல அங்க வீடே இல்லையேம்மா." "தண்ணியும் இத்தனை வருஷமா அதையேதான் தம்பி சொல்லுது." எழுந்த சிரிப்பு பாதியிலேயே அடங்குகிறது. இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டு, யார் வீட்டையும் மிதிக்காமல் நடந்து வந்து, கோட்டை அவள் கால்விரல் வரைக்கும் இழுக்கிறார். "போதுமாம்மா?" அவள் சாக்பீஸை வாங்கிக்கொள்கிறாள். காலை ஒதுக்கி, கோட்டைத் தன்னைக் கடந்து, வாசலைக் கடந்து, படியில் இறக்கி, வெயிலுக்குள் கொண்டுபோகிறாள். "எனக்குப் பின்னாடி இன்னும் மூணு வீடு இருக்கு தம்பி. அவங்களால வர முடியல. தண்ணி எடுக்கப் போயிருக்காங்க."