செனட்டர் வீட்டுக் கதவு

கார்லண்ட் பார்டியின் கையில் கோடரி இருந்தது.

திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்த செனட்டர் வினிஃப்ரெட் டிசார்ட், சட்டென்று அதை விட்டுவிட்டாள். வெளியே பனி சத்தமில்லாமல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவே படகுத்துறைப் பக்கமிருந்து ஆட்கள் மேடேறி ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"நம்ம வீட்டுக்கா?" என்று கேட்டான் கணவன் லெஸ்டர்.

"இந்த மேட்டுல வேற யாரு வீடு இருக்கு?"

மூன்று முறை கனடாவின் கன்சர்வேட்டிவ் கட்சிக்காகத் தேர்தலில் நின்று மூன்று முறையும் தோற்றவள் வினிஃப்ரெட், ஊருக்கு வின்னி. மழையில் வீடு வீடாக ஏறி இறங்கியதற்குப் பலனாக, ஒரு பிரதமர் அவளைக் கூப்பிட்டு, மேலவையான செனட்டில் நாற்காலி கொடுத்தார். அதற்கு யாரும் ஓட்டுப் போட வேண்டாம். எழுபத்தைந்து வயது வரை யாரும் இறக்கிவிடவும் முடியாது.

"தோத்தாதான் ஒட்டாவா போகலாம்னு தெரிஞ்சிருந்தா நானும் நின்னிருப்பேனே" என்று மெர்சர்ஸ் கோவ் ஊர் முழுக்கச் சிரித்தது. சிரித்தாலும், அவள் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து ஊர் திரும்பும்போதெல்லாம் யாராவது வாசலில் மீன் வைத்துவிட்டுப் போவார்கள். நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனை விடப் பெரிய மரியாதை கிடையாது.

இந்த முறை வாசலில் ஒன்றும் இல்லை. காரணம் அந்த மசோதா. சிறு படகுக்காரர்களின் நண்டு பிடிக்கும் உரிமங்களைப் பெரிய கம்பெனிகள் அள்ளிக்கொள்ள அது வழிவிட்டது. ஓட்டு சமமாக விழுந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும். ஒரே ஓட்டில் ஜெயித்தது. கடைசியாக எழுந்து நின்று 'சரி' சொன்னவள் வின்னி.

ஊர் வந்த அன்று துறையில் கார்லண்ட் அவளை மறித்தான். சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

"மூணு தடவையும் உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன், வின்னி. எங்க அம்மாவையும் தூக்கிட்டு வந்து போட வச்சேன்."

அவன் கத்தியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். மெதுவாகச் சொல்லிவிட்டு, படகைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து தொலைபேசியில் வசவு. தாங்க முடியாமல் லெஸ்டர் இன்று காலையில் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

"ஒயர மாட்டு. போலீஸக் கூப்பிடலாம்" என்றாள் வின்னி.

"மாட்டி என்ன பண்ண? அவங்க பனியத் தள்ளிட்டு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

அடுப்பு நிறைய விறகைத் திணித்திருந்தும் அவளுக்குப் பற்கள் கிட்டித்தன. தலைக்கு மேலே புகைபோக்கியில் ரயில் போவதுபோல ஓர் இரைச்சல். "காத்து வேற கிளம்பிடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே லெஸ்டர் பாத்திர அலமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"எவனும் இறக்க முடியாத நாற்காலி அது. அதுல உக்காந்துக்கிட்டு யாருக்குடி பயந்த?"

அவள் மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"லெஸ்டர், ஏணி கொண்டு வர்றாங்க."

"மாடி வழியா எறங்கப் பாக்குறாங்க. நீ உள் ரூமுக்குப் போ."

அதற்குள் கதவில் முதல் அடி விழுந்தது. அலமாரியில் இருந்த கோப்பைகள் குலுங்கின. தடித்த கதவுக்கு அந்தப் பக்கம் பல பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதில் அவள் பெயர் மட்டும்தான் புரிந்தது. பக்கத்து ஜன்னலை யாரோ முஷ்டியால் குத்தினார்கள். கூரையின் மேல் தடதடவென்று காலடி கேட்டது.

வின்னி உள் அறைக்குப் போகவில்லை. கால்கள் தன்னால் கதவை நோக்கி நடந்தன. அலமாரியில் நெற்றியை முட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கார்லண்ட், நான் தெரிஞ்சேதான் பண்ணேன். அந்த மசோதா உங்கள முடிச்சிடும்னு தெரிஞ்சேதான் எழுந்து நின்னேன். நாற்காலி குடுத்த கட்சிக்கு விசுவாசம் வேணாமான்னு கொறடா கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் துப்பில்ல. வயசான காலத்துல தனியா ஒதுக்கி வச்சிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

கோடரி கதவில் இறங்கியது. பலகை பிளந்தது.

"என்னைய என்ன வேணா பண்ணுங்க. லெஸ்டர விட்டுடுங்க. அவன் இதுக்காகவே என்கூட ஒரு வாரமா முகம் குடுத்துப் பேசல."

இரண்டாவது வெட்டு. மூன்றாவது வெட்டில் அலமாரி சரிந்து, கோப்பைகள் தரையில் சிதறின. குளிர் காற்று முகத்தில் அறைந்தது. பிளந்த கதவின் வழியே கார்லண்டின் முகம் தெரிந்தது. வியர்வையும் கரியுமாக இருந்தது. லெஸ்டர் அடுப்புக் குத்துக்கோலைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

கார்லண்ட் அந்தக் கோலைப் பார்த்தான். பிறகு அழுதுகொண்டிருந்த செனட்டரைப் பார்த்தான். இடைவெளிக்குள் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அதுக்கு உன்கிட்ட அப்புறமா சண்டை போட்டுக்கறேன், வின்னி. மொதல்ல ரெண்டு பேரும் வெளிய வாங்க, உங்க கூரை பத்தி எரியுது."