முதுகுப் படங்கள்

"றொஜர் மிலானோவுக்கு வேலைக்குப் போயிட்டான், அக்கா. வாற மாசம்தான் வருவான்" என்றான் றொஜரின் அறை நண்பன் உமாசுதன். பலெர்மோ ரயில் நிலையத்தில் அற்புதமலரின் பையை வாங்கியவன், அவள் முகத்தைப் பார்க்காமல் பையின் வாரையே சரிசெய்துகொண்டிருந்தான்.

தன் தம்பி றொஜரைப் பார்க்கவென்று பாரிசில் இருந்து ரயிலேறி வந்தவள் அவள். ஏசப்போகிறாள் என்று உமாசுதன் பயந்தான். அவள் ஏசவில்லை.

"அவன் இல்லாட்டி என்ன, அவன் பாத்த ஊரைக் காட்டும். காசில்லாமலே சுத்தலாம் எண்டு நீர்தானே போனிலை சொன்னனீர்? என்னட்டையும் காசில்லை." கைப்பையில் இருந்து ஒரு சின்ன அல்பத்தை எடுத்தாள். "ஆனா, றொஜரைப் பற்றி ஒரு முடிவு தெரியாமல் வராதை எண்டு அம்மா சொல்லிவிட்டவ."

மன்னாரில் இருக்கும் தாய்க்கு உமாசுதன் அனுப்பிய படங்கள் அவை; தாய் அவற்றை மகளுக்கு அனுப்பிவைத்திருந்தாள். பல்லாரோ சந்தையில் றொஜர், பேராலய வாசலில் றொஜர், மொண்டெல்லோ கடற்கரையில் றொஜர், மலைக் குகையில் புனித ரொசாலியாவுக்கு முன்னால் தலைக்கு மேல் கைகூப்பி நிற்கும் றொஜர். எல்லாவற்றிலும் தாய் தைத்துக் கொடுத்த அதே நீலச் சேட்டு. ஒன்றில்கூட முகம் இல்லை, முதுகுதான்.

"பெர்மெசோ, இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதிப் பேப்பர், இல்லாத ஆள், அக்கா. முகம் தெரிஞ்சா பொலிஸ் பிடிக்கும் எண்டு பயம்."

"ஓம், அதையும் போனிலை சொன்னனீர். அம்மா பாவம், முதுகைத்தான் கொஞ்சிக்கொண்டு இருந்தவ."

ஊர் சுற்றக் கிளம்பினார்கள். பல்லாரோ சந்தையில் உமாசுதன் வாங்குகிறவன் மாதிரி விலை கேட்க, கடைக்காரன் ஆளுக்கொரு ஒலிவ் காயைச் சுவை பார்க்கக் கொடுத்தான். ஓசி என்பதற்காக அதன் கசப்பு ஒன்றும் குறையவில்லை.

"நீர் முன்னாலை போம்" என்றாள் அற்புதமலர். அவன் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவள் பக்கத்தில் வரவில்லை, பின்னாலேயே வந்தாள். முதுகில் யாரோ கை வைத்திருப்பது போல அவனுக்குக் கூசியது.

பேராலயத்துக்குள் போகவும் காசு கேட்கவில்லை. குளிர்ந்த வாங்கில் உட்கார்ந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மறைக்காமல் சொல்லும். இஞ்சத்தைப் பெட்டை ஒண்டைக் கட்டிப்போட்டானோ? என்ரை முகத்திலை முழிக்கப் பயந்து எங்கையும் ஒளிச்சிருக்கிறானோ? அப்பிடியெண்டா எனக்குச் சந்தோசம்தான்."

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். உமாசுதனால் அது முடியவில்லை.

"அப்பிடி ஒண்டும் இல்லை, அக்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "அப்ப அந்தக் குகைக்குக் கூட்டிக்கொண்டு போம்."

கத்தோலிக்கர், சைவர் என்ற வித்தியாசம் இல்லாமல் பலெர்மோத் தமிழர் எல்லாரும் ஏறுகிற மலை அது. உமாசுதன் சைவன், ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஏறுகிறவன். பஸ்ஸுக்குக் கொடுக்கிற லீராக் காசை மிச்சம் பிடித்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.

பாதி வழியில் மூன்று பேர் நடக்கிற சத்தம் கேட்பது போல் இருந்தது. உமாசுதன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவனையே பார்த்தபடி அக்கா மட்டும்தான் வந்துகொண்டிருந்தாள். பாதையில் வேறு ஒரு குருவியும் இல்லை.

குகைக்குள் பாறையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இஞ்சை மெழுகுதிரிக்குக் காசு போட வேணும், அக்கா" என்றான்.

"தேவையில்லை. அம்மா மன்னாரிலை இருந்து அனுப்பிவிட்டவ." துணியில் சுற்றியிருந்த மெழுகுதிரி ஒன்றைப் பையில் இருந்து எடுத்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருந்த புனிதையின் சிலையைக் கண்டதும் உமாசுதன் தன்னை மறந்தான். காலையில் இருந்து நெஞ்சில் கிடந்த பாரம் எல்லாம் கையில் ஏறியது. கண்ணை மூடி, நல்லூர் முருகன் முன்னால் நின்று பழகிய மாதிரியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

கண்ணைத் திறந்து திரும்பியபோது அற்புதமலர் அல்பத்தை விரித்துப் பிடித்தபடி நின்றாள். குகைப் படத்தின் மேல் அவள் விரல் இருந்தது.

"நாங்கள் கத்தோலிக்கர் நெஞ்சோடைதான் கைகூப்புவம், தம்பி. தலைக்கு மேலை தூக்கிறேல்லை. இதிலை நிக்கிறது றொஜர் இல்லை எண்டு அம்மாவுக்கு இந்தப் படம் வந்த அண்டைக்கே விளங்கீட்டுது."

உமாசுதன் வாயைத் திறந்தான். கண்ணீர்தான் வந்தது. அவள் அவனை ஏசவில்லை. மெழுகுதிரியை அவன் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடினாள்.

"இதைக் கொளுத்த முதல் சொல்லும், என்ரை தம்பி எங்கை செத்தவன்?"