பெயிண்ட் மட்டும் போதும்

"முதல்ல எதைச் சரி பண்ணட்டும் சார்?"

மெக்கானிக் என்னவோ சாதாரணமாத்தான் கேட்டாரு. பல் டாக்டருக்குத்தான் தலை கிறுகிறுன்னு சுத்துச்சு.

மலை ஏறும், சேத்துல இறங்கும், ஆத்தைத் தாண்டும்னு ஆசைப்பட்டு அந்தப் பழைய ஜீப்பை வாங்கி ஒரு வாரம்கூட ஆகல. வெளியே பச்சைக் கலர் கண்ணைப் பறிக்குது. உள்ளே எதைத் தொட்டாலும் கையோட வருது.

"கதவுதாங்க முதல்ல," டாக்டர் சம்சாரம் முந்திக்கிட்டாங்க. "நேத்து கதவு திறக்காம ஜன்னல் வழியா இறங்கினேன். எதிர்வீட்டுல கை தட்டுறாங்க."

"நாலு சக்கரமும் இழுக்கணும் மாமா!" போன்ல மச்சினன் கத்தினான். "அந்தக் கியர் வேலை செய்யலேன்னா அது ஜீப்பே இல்ல. உசரமான காரு, அவ்வளவுதான்!"

"ரெண்டும் கிடக்கட்டும் சார்," மெக்கானிக் ஸ்டீயரிங்கை ஆட்டிக் காட்டினாரு. "முதல்ல இது. நீங்க திருப்புறீங்க. அது, 'யாரு, என்னையா கூப்பிட்டீங்க?'ன்னு கேட்டு, கொஞ்சம் யோசிச்சு, அப்புறமாத்தான் திரும்புது. அடியில மூட்டெல்லாம் தேஞ்சு போச்சு. மலைப்பாதையில அது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க பள்ளத்துல இருப்பீங்க."

"படுபாவி!" டாக்டர் பல்லைக் கடிச்சாரு. "மேலே பளபளன்னு பூசி என் தலையில கட்டிட்டானே! குடும்பத்தோட போவாங்களேன்னு நெஞ்சுல கொஞ்சம் ஈரம் வேணாம்?"

மெக்கானிக் ஒரு சக்கரத்தைக் கழட்டினாரு. எட்டிப் பார்த்தாரு.

"பிரேக் மட்டும் புத்தம்புதுசு சார்."

"என்னது?"

"நாலு சக்கரத்துக்கும். மிதிச்சா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

டாக்டருக்கு ஒண்ணும் புரியல. "கதவுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாதவன், பிரேக்கை எதுக்குய்யா புதுசாப் போட்டான்?"

மெக்கானிக்குக்குத் திடீர்னு இருமல் வந்துருச்சு. இருமிக்கிட்டே வண்டிக்கு அடியில போயிட்டாரு.

வண்டியை வித்தவன் நல்லவனா கெட்டவனா? டாக்டரால வாய் நிறையத் திட்டவும் முடியல, வாழ்த்தவும் முடியல.

"சரி, எல்லாத்தையும் சரி பண்ண எவ்வளவு ஆகும்?"

மெக்கானிக் வெளியே வந்து காதுல சொன்னாரு. டாக்டர் பக்கத்துல கிடந்த நாற்காலியில சாஞ்சுட்டாரு. தன்கிட்ட வர்ற பேஷண்ட் மாதிரியே, வாயைப் பொளந்துக்கிட்டு.

சம்சாரம் அவரை ஓரமா இழுத்துட்டுப் போனாங்க. "பேசாம வித்துடுங்க."

"யாரு வாங்குவா?"

"தம்பியோட ஆபீஸ்ல ஒருத்தர் இந்த மாதிரி வண்டிதான் தேடுறாராம். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கச் சொல்றேன்." சொல்லிட்டு ஒரு நிமிஷம் தயங்கினாங்க. "ஆனா, கைக்குழந்தைக்காரர்ங்க. ஸ்டீயரிங் விஷயத்தைச் சொல்லணுமோ?"

"நமக்கு யாராவது சொன்னாங்களா?"

சம்சாரம் போனை எடுத்துத் தம்பி நம்பரைத் தேடினாங்க.

டாக்டர் திரும்பி வந்தாரு. "இவ இறங்கினதுல கதவெல்லாம் கீறல். பெயிண்ட் அடிச்சுடு. பெயிண்ட் மட்டும் போதும்."

"ஸ்டீயரிங்கு?"

"வாங்குறவரு பாத்துப்பாரு."

மெக்கானிக் தலையைச் சொறிஞ்சாரு. "நான் பல்லைக் காட்ட வந்தப்ப வேற மாதிரில்ல சத்தம் போட்டீங்க? வேர் அழுகிக் கிடக்கு, மேலே வெள்ளையடிச்சாப் போதுமான்னு..."

"அது பல்லுய்யா! இது வண்டி!"

"அதுவும் சரிதான் சார். பெயிண்ட்டே அடிச்சுடறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் தனியா வந்தாரு. வண்டி ஷோரூம்ல இருந்து இப்பத்தான் இறங்கின மாதிரி நின்னுச்சு. ஏறி உக்காந்து தெருவை ஒரு சுத்து சுத்தினாரு.

திரும்பி வந்து இறங்கினவரு முகத்துல மறுபடியும் அதே குழப்பம்.

"யோவ், ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேக்குதுய்யா!"

"அப்படியா சார்?"

"திருப்பின உடனே திரும்புது! நான் பெயிண்ட் மட்டும்தானே சொன்னேன்?"

"பெயிண்ட்தான் சார் அடிச்சேன். அடிக்கும்போது அடியில எங்கயாவது கை பட்டிருக்கும்."

"கை பட்டா தேஞ்ச மூட்டெல்லாம் புதுசாயிடுமா?"

மெக்கானிக் பெயிண்ட் கூலி எவ்வளவுன்னு மட்டும் சொன்னாரு.

டாக்டர் துள்ளிக் குதிச்சாரு. "என்னது! வெறும் பெயிண்ட்டுக்கா இவ்வளவு?"

மெக்கானிக் கையைத் துணியில துடைச்சுக்கிட்டாரு.

"உங்களுக்கு இதை வித்தாரே, அவரும் இங்கே நின்னுதான் இதையே கேட்டாரு சார். அந்தத் தடவை பிரேக்குல கை பட்டுடுச்சு."