ஃபிரிட்ஜ் வாசலில் ஒரு போர்

“இனிப்பைத் தொட்டா ஊசிதான்!” என்று டாக்டர் மிரட்டியிருந்த போதகர், பூனை மாதிரி சமையலறைக்குள் வந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். ஒரு துண்டு கிரீம் கேக் அவரைப் பார்த்துக் கண்ணடித்தது.

“அப்பாலே போ சாத்தானே! ஆண்டவரே, என்னால முடியல. ஒரு தூதனை அனுப்பி இதை எடுத்துடும்!”

கண்ணை மூடினால் அவர் ஜெபம் லேசில் முடியாது. ஊர் உலகத்துக்கெல்லாம் வேண்டிக்கொண்டு ஒருவழியாகக் கண்ணைத் திறந்தார்.

தட்டு காலி!

“ஏம்மா, ஓடி வா! தூதன் வந்துட்டுப் போயிட்டாரு! நான் ஜெயிச்சிட்டேன்!” என்று துள்ளித் திரும்பினார்.

பின்னாலேயே நின்றிருந்தாள் மனைவி.

“அல்லேலூயா சொல்லும்மா!”

சபையே அதிர அல்லேலூயா சொல்கிறவள், இன்று வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

உதட்டோரம் கொஞ்சம் கிரீம்.