வலது பக்கப் பாக்கெட்

டீச்சர் அந்தக் கால்சட்டைப் பாக்கெட்டைத் தைப்பது இது பதினோராவது தடவை.

“எலிகூட வாரா வாரம் ஒரே இடத்துல கடிக்காதுங்க. அதுவும் எலுமிச்சம்பழம் நுழையற அளவுக்கு! அப்படி என்னதான் பண்றீங்க அந்த கோல்ஃப் மைதானத்துல?”

“பழைய துணி. இத்துப்போயிருக்கும்” என்ற கணவர், குடையைத் தலைகீழாகப் பிடித்து, கூடத்தில் இல்லாத பந்தை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது வருடமாக இந்த கோல்ஃப் கூத்து. சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு வந்தது, முட்டி வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் மட்டும் நிற்கவில்லை. இத்தனைக்கும் ஒரு கோப்பைகூட ஜெயித்ததில்லை. மருமகன் ஆசையாக வாங்கித் தந்த புது மட்டைகள் உறை பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தன. பிடியில் டேப் சுற்றிய பழைய மட்டைதான் அவருக்கு உயிர். பந்தில் டீச்சருடைய நகப்பூச்சால் மூன்று சிவப்புப் பொட்டு வைத்தால்தான் கையே ஓடும்.

“இன்னிக்கு நானும் வர்றேன். ஓட்டை எப்படி விழுதுன்னு பாத்துடறேன்.”

குடை பாதியில் நின்றது.

டீச்சர் முப்பத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அரை மார்க்கில் சொந்தத் தங்கை மகனையே ஃபெயிலாக்கியவர். பிட்டு வைத்திருப்பவனைப் பரீட்சை அறை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். ஆகவே மைதானத்தில் பேட்டரி வண்டியையும் ஸ்கோர் அட்டையையும் அவரிடமே ஒப்படைத்தார்கள்.

கூட ஆடுபவர் ஒரே ஒருவர்தான், கணவரின் பால்ய சிநேகிதர். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு இன்ஜினியராக இருந்தவர். வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘ரேடியோ’. அவருடைய பந்து மஞ்சள் நிறம். அதுதான் பளிச்சென்று தெரியுமாம்.

முதல் குழிக்கு ஆரம்பிக்கும் முன் கணவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டு பலமாக இருமினார்.

“இருமி முடிச்சியா, இல்ல நான் வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா?” என்றார் ரேடியோ.

“போடா. இன்னிக்கு உன்னைத் துவைச்சுக் காயப்போடறேன் பாரு!”

அறுபத்தெட்டு வயசுக்காரர்கள் பேசுகிற பேச்சா இது? டீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

ஏழாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு குளம். இருவரும் அடித்தார்கள். இரண்டு பந்துகளும் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், குளக்கரைப் புதருக்குப் பின்னால் மறைந்தன.

“எங்கடா போச்சு என்னுது?” ரேடியோ நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

“நீ இங்கேயே இரு. நான் தேடறேன்.”

டீச்சர் சத்தமில்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். புதர் மறைவில் கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதையோ பொத்திய வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். காலை ஒரு உதறு உதறினார். கால்சட்டைக்குள் ஏதோ உருண்டு இறங்கி, ஷூவில் தட்டிப் புல்லில் விழுந்தது.

பந்து!

பாக்கெட் ரகசியம் இதுதானா? இந்த மனுஷனோடவா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன்?

“என்னங்க இது? ஒரு துண்டுப் பேப்பருக்காக எத்தனை பசங்களை நான் வெளிய அனுப்பியிருக்கேன்! நீங்க என்னடான்னா நாப்பது வருஷமா...”

“ஷ்ஷ்! மெதுவாப் பேசு. முதல்ல பந்தைப் பாரு.”

பந்து மஞ்சளாக இருந்தது. சிவப்புப் பொட்டு ஒன்றுகூட இல்லை.

“இது ரேடியோ அண்ணன் பந்தாச்சே!”

“அதே மாதிரி வேற. நிஜப் பந்து தண்ணிக்குள்ள. என்னோடதும்தான். எனக்கு அபராதம் ஒண்ணு போட்டுக்க.” கணவர் குரலைத் தணித்தார். “அவனுக்குப் பார்வை மங்கிட்டே வருது, இனி சரியாகாதாம். மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரே நாள்ல நாலு பந்தைத் தொலைச்சுட்டு, ‘இத்தோட போதும்டா, இனிமே வரல’ன்னுட்டான். அவன் இல்லாம நான் யார்கூட ஆடறது? அதுக்கப்புறம் அவன் பந்து தொலையறதே இல்ல.”

டீச்சர் அட்டையில் கணவர் பெயருக்கு நேரே அபராதம் ஒன்று போட்டார்.

“கிடைச்சுடுச்சுடா ரேடியோ!” கணவர் கத்தினார். “புல்லு மேல ராஜா மாதிரி உக்காந்திருக்கு!”

ரேடியோ வந்தார், அடித்தார். பந்து பறந்து போய்க் குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்திலேயே விழுந்தது. அடுத்த இரண்டு தட்டில் குழிக்குள். கணவர் தானே ஜெயித்துவிட்டதுபோல் ஒற்றைக்காலில் குதித்தார்.

“எனக்கு எத்தனைம்மா?”

டீச்சரின் பேனா கொஞ்சம் தயங்கியது. தண்ணீரில் விழுந்த பந்துக்கு ஒன்று கூட்டி ஐந்து போடவேண்டும். அரை மார்க் விட்டுக்கொடுக்காத கை அது.

“நாலு” என்று எழுதினார் டீச்சர். மனசு லேசாக இருந்தது.

கணவர் கொடியைத் திரும்பக் குழியில் நடப் போன சமயம், ரேடியோ வண்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, ஒரு உதவி. அவனோட வலது பாக்கெட்டை இனிமே தைக்காதம்மா.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அண்ணே! உங்களுக்குத் தெரியுமா?”

“என் பந்து ‘தொபுக்’னு தண்ணில விழறது எனக்குத் தெரியாதா? கிடைச்சுடுச்சுன்னு குதிக்கிறான் பாரு, அந்தக் குஷியைக் கெடுக்க மனசு வரலம்மா. அவன் அப்படிக் குதிக்கிறதைக் கேக்கத்தான் நானே வாரா வாரம் வர்றேன்.”

“அது சரிண்ணே. ஆனா நான் பாக்கெட்டைத் தைக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தார்.

“கண்ணுதானேம்மா போச்சு, காது அப்படியேதான் இருக்கு. ஒவ்வொரு வாரமும் முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, பலமா இருமிக்கிட்டே, உன் தையலை ‘டர்ர்’னு கிழிக்கிறானே!”